நரைக்குச் சாயம்: வீட்டிலா, கடையிலா?

(பெருநாளுக்கு முந்தைய மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவி, மருத்துவ உதவி, வட்டியில்லாக் கடன் என்று பேசுகிற மேடையில் இந்த மாதம் தலைச்சாயத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள். மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் இதய நோய், சிறுநீரகம், பிரசவம் என்று பெரிய பெரிய காரணங்களுக்கு நடுவே, அவ்வப்போது இப்படியும் ஒன்று வருகிறது: தலைக்குச் சாயம் போட்டார், மறுநாள் காலை கண் இரண்டும் திறக்க முடியாமல் முகம் வீங்கிவிட்டது, மருத்துவமனையில் சேர்த்தோம். பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் இது கூடுதல். காரணம் தெரிந்ததுதான். எல்லோரும் தலைக்குப் பூசுவது அந்த வாரத்தில்தானே.

அப்படி வந்தவர்களிடம் நாம் கேட்டால் இரண்டு வகையான பதில் கிடைக்கிறது. வீட்டில் போட்டவர், "பார்லருக்குப் போயிருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்கிறார். கடையில் போட்டவர், "வீட்டிலேயே நாமே போட்டிருக்கலாம்" என்கிறார். இரண்டு பேரும் தவறான இடத்தில் குற்றத்தைத் தேடுகிறார்கள் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்தது. எங்கே போட்டோம் என்பது இரண்டாவது கேள்வி. இரண்டு நாள் முன்னதாகச் சோதித்தோமா என்பதே முதல் கேள்வி.

முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். நரைக்கு நிறம் பூசுவது ஆகுமானது. நரையை அப்படியே விடாமல் மாற்றிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. நரையை மாற்றுவதற்குச் சிறந்தவை மருதாணியும் கதமும் என்று அவர்கள் சொன்னதாகத் திர்மிதி, அபூதாவூத் தொகுப்புகளில் வருகிறது. கதம் என்பது கருமை கலந்த நிறம் தரும் ஒரு செடி. அபூபக்கர் (ரலி) அவர்கள் மருதாணியோடு கதம் சேர்த்துப் பூசினார்கள், உமர் (ரலி) அவர்கள் மருதாணி மட்டும் பூசினார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம்.

மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அபூபக்கர் (ரலி) அவர்களின் தந்தையார் அபூகுஹாஃபா அவர்கள் அழைத்து வரப்பட்டார்கள். தலையும் தாடியும் வெள்ளைப் பூப் போல வெளுத்திருந்தன. அதை ஏதேனும் ஒன்றால் மாற்றுங்கள், ஆனால் கறுப்பைத் தவிர்த்துவிடுங்கள் என்று நபியவர்கள் பணித்தார்கள். இதை வைத்து உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி அவர்கள் கறுப்பு ஹராம் என்ற கருத்தையே வலுவானது என்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் பெரும்பாலோர் மக்ரூஹ் என்கிறார்கள். நம் ஊரில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறோம். உங்கள் மத்ஹபின் தீர்ப்பை உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் ஒன்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை: பெண் பார்க்கும் இடத்தில், மாப்பிள்ளை பேசும் இடத்தில் வயதை மறைத்து ஏமாற்றுவதற்காகப் பூசுவது கூடாது. அது சாயத்தின் குற்றமல்ல, மோசடியின் குற்றம்.

ஒளூவைப் பற்றியும் சகோதரிகள் கேட்கிறார்கள். மருதாணியோ சாயமோ முடிக்குள் இறங்கி நிறம் மாற்றுகிறது. முடியின் மேல் தண்ணீரைத் தடுக்கும் படலமாக நிற்பதில்லை. எனவே நன்றாக அலசிய பிறகு ஒளூவும் குளிப்பும் கூடும். பூசிய விழுது ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில் கூடாது. நகப் பூச்சு வேறு, அது படலம். கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்கள் மருதாணி உட்பட அலங்காரத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

காஞ்சிபுரத்தில் சாயத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான். பிள்ளையார்பாளையத்திலும் மற்ற தெருக்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டு நூல் அப்படியே சாயம் பிடிக்காது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதன் மேலுள்ள பசையை முதலில் நீக்க வேண்டும். அப்புறம்தான் சாயம் உள்ளே இறங்கும். காரம் கொஞ்சம் கூடினால் நூல் வலுவிழந்து தறியில் அறுந்து போகும். பட்டும் புரதம்தான், நம் தலைமுடியும் புரதம்தான். தலைச்சாயம் வேலை செய்வதும் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான்.

பெட்டிக்குள் இரண்டு பொருள் இருக்கும், அல்லது தண்ணீரில் கலக்கும் ஒரே பொடியாக இருக்கும். அம்மோனியாவோ அதைப் போன்ற வேறொரு காரமோ முடியின் மேல் செதில்களைத் திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு முடியின் பழைய நிறத்தை ஓரளவு வெளுக்க வைத்து, நிறமில்லாத சின்ன மூலக்கூறுகளை முடிக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்த்துக் கறுப்பாக்குகிறது. அந்தச் சின்ன மூலக்கூறுகளில் முக்கியமானது பாரா-ஃபினைலீன்டயமின். சுருக்கமாக பி.பி.டி. 1907இல் பாரிஸ் நகரில் யூஜின் ஷூலர் என்ற வேதியியலாளர் தலைச்சாயம் தயாரித்து விற்கத் தொடங்கினார். அவர் தொடங்கிய நிறுவனம்தான் பிற்பாடு லோரியால் ஆனது. நூறு ஆண்டு தாண்டியும் இன்று உலகில் விற்கும் நிரந்தரக் கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவை பி.பி.டியையோ அதன் நெருங்கிய உறவான பொருட்களையோ நம்பித்தான் இருக்கின்றன. சில பத்து ரூபாய் பாக்கெட்டிலும் அதுதான். ஆயிரம் ரூபாய் வாங்கும் பார்லரின் கிண்ணத்திலும் பெரும்பாலும் அதுதான். "அம்மோனியா இல்லை" என்று பெட்டியில் போட்டிருந்தால் பி.பி.டி இல்லை என்று பொருளல்ல. இது பலருக்குத் தெரிவதில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. ஆனால் சிலருடைய உடல் இதை எதிரியாக அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. அடையாளம் கண்டுவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறப்பதில்லை. அடுத்த முறை பட்டதும் தோல் சிவக்கும், அரிக்கும், கொப்புளம் வரும், நீர் வடியும், காதும் நெற்றியும் இமையும் வீங்கும். இது உடனே வருவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்து வருகிறது. ஆகவே, சாயத்தை அலசிவிட்டுக் கண்ணாடியில் பார்த்து "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இன்னொரு பேச்சு நம்மிடையே அடிக்கடி கேட்கிறது. "பத்து வருஷமாகப் போடுகிறேன், எனக்கு ஒத்துக்கொள்ளும்." ஒவ்வாமை முதல் தடவையே வர வேண்டும் என்று இல்லை. உடல் அதை எதிரியாகப் பதிவு செய்வது இரண்டாம் தடவையிலும் நடக்கலாம், இருபதாம் தடவையிலும் நடக்கலாம். போன பெருநாளுக்கு ஒத்துக்கொண்டது இந்தப் பெருநாளுக்கு ஒத்துக்கொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

சோதனை என்றால் ஆய்வகத்துக்குப் போவதில்லை. காதுக்குப் பின்னால், அல்லது முழங்கை மடிப்பின் உள்பக்கம் சின்ன இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பெட்டியில் சொன்னபடி சாயத்தைத் துளி கலந்து ஒரு பட்டாணி அளவு அங்கே தடவி உலர விட வேண்டும். 24 மணி நேரம் கழித்து மென்மையாகக் கழுவ வேண்டும். நாம் 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறோம். ஏனென்றால் தாமதமாக வருவதே இதன் இயல்பு. சிவப்போ அரிப்போ தடிப்போ இருந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு வேண்டாம். தடவியதும் எரிந்தால் உடனே கழுவிவிடுங்கள், இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம். முன்பே சாயம் போட்டு முகம் வீங்கியவர், கொப்புளம் வந்தவர் வீட்டில் சோதித்துப் பார்க்கவும் கூடாது. தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இது நாம் கண்டுபிடித்த விதி அல்ல. அழகுசாதனப் பொருட்களுக்கான இந்தியச் சட்ட விதிகளே தலைச்சாயப் பெட்டியில் இந்த எச்சரிக்கையும் இந்தச் சோதனை முறையும் அச்சிடப்பட வேண்டும் என்று சொல்கின்றன. புருவத்துக்கும் இமைக்கும் பூசக் கூடாது, பூசினால் பார்வை போகலாம் என்பதும் அந்த எச்சரிக்கையில் உண்டு. அந்த வாசகம் வெறும் சம்பிரதாயமல்ல. 1930களில் அமெரிக்காவில் இமைக்குப் பூசும் ஒரு சாயம் விற்பனையில் இருந்தது. அதில் இருந்ததும் இதே பி.பி.டிதான். பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குப் பார்வை போனது, ஒருவர் உயிரே இழந்தார். அந்த நாட்டில் 1938இல் வந்த உணவு, மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்துக்குக் காரணமான சம்பவங்களில் அதுவும் ஒன்று. ஆனால் நம் வீட்டில் அந்தச் சின்ன எழுத்தைப் படிப்பவர் யார்? பாக்கெட்டின் ஓரத்தைப் பல்லால் கிழித்துப் பொடியைக் கொட்டிவிட்டு, எச்சரிக்கையைக் குப்பையில் போடுகிறோம்.

நம் ஊர்ச் சாயக்காரர் அப்படிச் செய்வதில்லை. ஒரு பாவு முழுவதையும் தொட்டியில் இறக்குவதற்கு முன்னால் சின்னச் சிட்டம் ஒன்றை நனைத்து, உலர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பாவு கெட்டால் முதல் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். புடவைக்குக் கொடுக்கிற அந்தக் கவனத்தை நம் உம்மாவின் தலைக்கு, அத்தாவின் தாடிக்குக் கொடுக்க வேண்டாமா?

சாயத் தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. துணிச் சாயங்களில் சிலவும் பி.பி.டியும் வேதியியல் உறவினர்கள். ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பட்டறை வேலையில் கையில் அரிப்பும் வெடிப்பும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தலைக்குச் சாயம் பூச வேண்டாம்.

சரி, வீடா கடையா? இப்போது அதைப் பார்க்கலாம்.

வீட்டில் உள்ள முதல் நன்மை அவகாசம். இரண்டு நாள் முன்னதாகத் தடவிப் பார்ப்பது வீட்டில் மிக எளிது. செலவு குறைவு. பெண்களுக்குத் திரை மறைவு உண்டு. பெட்டியும் தேதியும் நம் கையில் இருப்பதால் என்ன பூசினோம் என்று நமக்குத் தெரியும். ஏதாவது ஆனால் மருத்துவரிடம் பெட்டியைக் காட்டலாம். குறைகளும் உண்டு. தனியாகப் போடுகிறவருக்குப் பின்தலை தெரியாது. சாயத்தைத் தலையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனால் அரை மணி ஒரு மணி ஆகிவிடும். நேரம் கூடினால் நிறம் கூடாது, எரிச்சல்தான் கூடும். கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் நின்று கலக்கினால் நெடி மூக்கில் ஏறும். மிச்சம் இருக்கிறதே என்று கலந்த சாயத்தை மூடி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கலந்தது கலந்ததுதான், அடுத்த முறைக்கு உதவாது. இறுக்கி மூடினால் பாத்திரம் வெடிக்கவும் கூடும்.

கடையில் உள்ள நன்மை பழகிய கை, இன்னொருவருடைய கண். பின்தலை வரை ஒரே சீராகப் பூசுவார்கள், நேரம் பார்ப்பார்கள், கழுத்திலும் காதிலும் வழிந்தால் துடைப்பார்கள். முடியை வெளுக்க வைத்து வேறு நிறம் ஏற்றுவது வலுவான பெராக்சைடு வேலை. அதைப் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. அதிலிருந்து விலகி இருப்பதே நல்லது. கடையின் பெரிய குறை அவகாசம் இல்லாததுதான். போனோம், உட்கார்ந்தோம், பூசினார்கள், வந்தோம். பெருநாள் இரவில் கூட்டம் நிற்கும்போது எந்தக் கடைக்காரர் "நாளைக்கு வாங்க, இன்றைக்குச் சோதித்துப் பார்க்கிறேன்" என்பார்? கிண்ணத்தில் இருப்பது எந்தச் சாயம், எப்போது கலந்தது என்பதும் நமக்குத் தெரியாது. சவரம் செய்த கையோடு, கத்தி கீறிய தோலின் மேலேயே மீசைக்கும் தாடிக்கும் சாயம் தடவுவது பல சலூன்களில் நடக்கிறது. கீறல் உள்ள தோலில் சாயம் படவே கூடாது.

அப்படியானால் கடைக்குப் போகிறவர் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு நாள் முன்னதாகப் போய், "எந்தச் சாயம் போடப் போகிறீர்கள், துளி காதுக்குப் பின்னால் தடவிவிடுங்கள்" என்று கேளுங்கள். இதைக் கேட்பது அவரை அவமதிப்பதல்ல. நல்ல தொழில்காரர் மகிழ்ச்சியோடு செய்வார். முடியாது என்கிற கடையில் உட்காராதீர்கள். அல்லது நீங்களே சோதித்துப் பார்த்த சாயத்தைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் கண் முன்னால் பிரிக்கட்டும், கலக்கட்டும். சகோதரிகள் பெண்கள் மட்டும் வேலை செய்யும் பார்லராகப் பாருங்கள். உள்ளே கண்காணிப்பு கேமரா இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

"நாங்கள் மருதாணிதான் பூசுகிறோம், எங்களுக்கு என்ன?" என்பவர்களும் இருக்கிறார்கள். மருதாணியா என்பதை முதலில் பாருங்கள். மருதாணி இலைப் பொடி பச்சை நிறம். அது தரும் நிறம் ஆரஞ்சும் சிவப்பும் கலந்தது. மருதாணி ஒருபோதும் தனியாகக் கறுக்காது. "கறுப்பு மெஹந்தி", "கறுப்பு ஹென்னா" என்று விற்கும் பொடி அரை மணி நேரத்தில் தலையைக் கறுப்பாக்கினால், அதைச் செய்வது மருதாணி அல்ல. பொருட்கள் பட்டியலைப் படித்தால் பல பாக்கெட்டுகளில் பி.பி.டி உட்கார்ந்திருக்கும். இலையின் படத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இதைவிடக் கவலை தருவது கையில் வைக்கும் கோன். பெருநாள் கூட்டத்தில், பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். நம் ஐந்து வயது, ஏழு வயதுப் பெண் பிள்ளைகள் கையை நீட்டுகிறார்கள். அப்படிக் கறுக்க வைப்பதற்குப் பி.பி.டி சேர்ப்பது உலகம் முழுவதும் மருத்துவர்கள் எச்சரித்துள்ள வழக்கம். அதைத் தோலில் பூசுவதற்கு எந்தச் சாயப் பெட்டியும் அனுமதி தரவில்லை. கையில் கோலம் போட்ட இடம் கொப்புளமாகி அதே கோலமாகத் தழும்பு நிற்கும். அதோடு முடிவதில்லை. அந்தக் குழந்தையின் உடல் அன்றைக்கே பி.பி.டியை எதிரியாகப் பதிவு செய்துகொண்டால், முப்பது வருஷம் கழித்து முதல் நரைக்குச் சாயம் பூசும் நாளில் அது வெடிக்கும். அன்றைக்கு அவள், "முதல் தடவைதானே போட்டேன், ஏன் இப்படி?" என்று கேட்பாள். பதில் இந்தப் பெருநாளில் இருக்கிறது. ஆகவே பிள்ளைகளுக்கு இலை பறித்து அரைத்து வையுங்கள், இல்லையென்றால் நம்பிக்கையானவர் வீட்டில் செய்த கோனை வாங்குங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் எந்த மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அசல் மருதாணியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடலாம்.

இரசாயனம் வேண்டாம், ஆனால் செம்பட்டையாக நிற்பதும் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு மருதாணியோடு அவுரி இருக்கிறது. அவுரி என்பது நீலச் சாயம் எடுக்கும் அதே செடி. நம் பக்கத்தில் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் பயிராகிறது. முன்னோர் மருதாணியோடு கதம் சேர்த்த முறைக்கு நெருக்கமானது இது. மருதாணிப் பொடியைத் தேநீர் வடிநீரிலோ எலுமிச்சைச் சாறு சேர்த்த தண்ணீரிலோ குழைத்து, இரும்பு அல்லாத பாத்திரத்தில் ஆறேழு மணி நேரம் ஊற விட வேண்டும். தலையில் இரண்டு மணி நேரம் வைத்து அலச வேண்டும். பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசிவிட வேண்டும், அவுரி காத்திருக்காது. ஒரு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலச வேண்டும். முதலில் பச்சை படர்ந்த மாதிரி தெரியும், பதற வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் ஆழ்ந்த பழுப்பாகத் தேறும். அவுரியை வைக்கும் நேரத்தைப் பொறுத்துக் கருமை கூடும். சளித் தொல்லை உள்ளவர்கள் வெயில் நேரத்தில் பூசிக்கொள்ளுங்கள். இயற்கைப் பொருள்தான் என்றாலும் காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பதை இதற்கும் விடக் கூடாது. இது அரை நாள் வேலை. கறுப்புச் சாயம் அரை மணி நேர வேலை. அந்த வித்தியாசம்தான் பலரைப் பாக்கெட்டின் பக்கம் இழுக்கிறது என்பது நமக்கும் தெரியும்.

ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? தலை எரியத் தொடங்கினால் நேரம் முடியட்டும் என்று பொறுக்காதீர்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாகத் தடவாதீர்கள். அரிப்பும் கொப்புளமும் என்றால் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் பெட்டியோடு போங்கள். இமை வீங்கினால், உதடு வீங்கினால், மூச்சு வாங்கினால் 108ஐ அழையுங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.

சாயத்தை வைக்கும் இடமும் முக்கியம். மளிகைச் சாமான் நடுவிலோ, குழந்தைக்கு எட்டும் சன்னல் திட்டிலோ வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். டம்ளரில் கலக்காதீர்கள். சாயம் வாய்க்குள் போவது தோலில் படுவதைப் போலல்ல, அது உயிராபத்து. குழந்தை கொஞ்சம் விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நன்றாகத்தானே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல், பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வீட்டில் மனம் நொந்து, பேச்சுக் குறைந்து, வாழ்க்கையே வேண்டாம் என்பது போலப் பேசுகிறவர் யாராவது இருந்தால் இப்படிப்பட்ட பொருட்களை வீட்டில் வைக்கவே வேண்டாம். அவரைத் தனியே விடாமல், திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். நம்மிடம் வந்தாலும் வெளியே ஒரு வார்த்தை போகாது.

கடைசியாக, சாயம் பூசும் கைகளைப் பற்றி. நம் பிள்ளைகள் பலர் சலூன்களில் வேலை பார்க்கிறார்கள். நம் உதவியில் தொழில் கற்ற பெண்கள் பார்லர்களில் இருக்கிறார்கள். நாம் மாதம் ஒரு தடவை தொடும் பொருளை அவர்கள் நாள் முழுவதும் தொடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, 2010இல் வெளியிட்ட தொகுப்பில், முடிதிருத்தும் தொழிலில் உள்ளவர்களின் பணிச்சூழலைப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது என்ற பிரிவில் வைத்தது. சொந்தத்துக்குச் சாயம் பூசிக்கொள்பவர்களைப் பற்றி அப்படி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. எனவே ஆபத்து நம்மைவிட அவர்களுக்கே அதிகம். கையுறை இல்லாமல் சாயம் கலக்கும் பையனைப் பார்த்தால், "தம்பி, கையுறை போட்டுக்கோ" என்று சொல்லுங்கள். உங்கள் வேலை முடிய ஐந்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை.

நிர்வாகக் குழுவில் பேசி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். ஒன்று, சோதிக்கும் முறையைப் பெரிய எழுத்தில் தமிழிலும் உருதுவிலும் அச்சிட்டு, ஒலிமுகமதுபேட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள சலூன்களுக்கும் பார்லர்களுக்கும் கொடுப்போம். மாற்று மதச் சகோதரர்களின் கடைகளுக்கும் கொடுப்போம். தோலுக்கு மதம் கிடையாது. இரண்டு, நம் உதவியில் தொழில் கற்கும் எல்லோருக்கும் கத்தரிக்கோல், சீப்போடு கையுறைப் பெட்டியும் சேர்த்தே கொடுப்போம். மூன்று, இனி நம் மருத்துவ முகாம்களில் தோல் மருத்துவர் ஒருவரும் இருக்க ஏற்பாடு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

உடல் நமக்குச் சொந்தமல்ல, அமானிதம் என்று சின்ன வயதிலேயே ஓதியிருக்கிறோம். பெருநாளைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று இரவே வீட்டில் இருக்கும் பாக்கெட்டை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவுங்கள். இரண்டு நாள் பொறுங்கள். ஒத்துக்கொண்டால் வீட்டில் பூசினாலும் சரி, கடையில் பூசினாலும் சரி. ஒத்துக்கொள்ளாவிட்டால் நரையோடு பெருநாள் தொழுகைக்கு வாருங்கள். நரைத்த தலைக்கு நம் சஃப்பில் என்றைக்கும் மரியாதை உண்டு.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் உடல் நலத்தையும் மன அமைதியையும் தருவானாக. ஆமீன்.